அம்பலவாணருக்கு ஊர் எது?

பெரம்பலூர், அரியலூர் என்னும் பெயர்களைக் கேட்டவுடன் பிரயாண உற்சாகம் கொள்வோர் நம் நாட்டில் மிகச் சிலரே. சென்னையிலிருந்து திருச்சிக்கு மோட்டாரில் செல்வோர் பெரம்பலூரைத் தூக்கத்திலேயே கடந்து விடுகிறார்கள். ரயிலில் செல்வோர் அரியலூர் ஸ்டேஷனில் ஒரு முறை கண் விழித்து, சிமெண்டு ஆலைகளின் நெடிய புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கண்களை மூடிக் கொள்கிறார்கள். மிஞ்சிப் போனால், "கங்கைகொண்ட சோழபுரம் இந்தப் பக்கந்தானே?" என்று ஒரு கேள்வி, அத்துடன் சரி.

ஆயினும், ஒரு பொருளைக் கண்டால் "இது என்ன? எங்கிருந்து வந்தது? இதன் மெய்யான பெயர் யாது?" என்று கேட்கும் ஆவல் உடையவர்களுக்கு இவ்விரு ஜில்லாக்களைப் போல் பாடம் புகட்டும் இடம் வேறில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் அலை புரண்ட பூமி இது. பின்னர் ராஜேந்திர சோழன் தலைநகர் அமைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து சேர்த்த பூமி. ஆள்மாறாட்டம் செய்வது மனிதர்களுக்கு மட்டும் உரிய வித்தை அன்று. கல்லும் செம்பும்கூட அதைச் செய்யும், அல்லது அவற்றைக் கொண்டு பிறர் செய்வர் என்பதை இங்கே நேரில் காணலாம். நம்மோடு ஆசிரியத் தொழில் புரியும் நண்பர் இருவருடன், சென்ற கோடை விடுமுறையில் நாம் அப்பக்கம் சென்று வந்தோம்.

கல்லான மரம்

முதலில் பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூருக்குச் சென்றோம். சோளக் கொல்லைகளுக்கும் பருத்திக் காடுகளுக்கும் நடுவே, வேலியிட்ட ஒரு சிறு வெளி. அதில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம். வெட்டிப் போட்டுப் பத்து நாள் ஆனது போன்ற தோற்றம். அருகில் சென்று தொட்டால்தான் அது முழுவதும் கல் என்று தெரிகிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் வளர்ந்த மரம் வண்டலில் புதைந்து, அதன் அணு ஒவ்வொன்றின் இடத்திலும் மணற்சத்து புகுந்து, வடிவம் மாறாமல் கல்லாகிவிட்டது. 1940-ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் நம் தமிழ்நாட்டுப் பேரறிஞர்; பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரும் அவரே.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் அதே ஜில்லாவில் உண்டு. 2020-ஆம் ஆண்டில் குன்னத்தில் ஓர் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. "டைனசார் முட்டை!" என்று செய்தி பரவிற்று, ஊரே திரண்டது. நிலவியல் அறிஞர்கள் வந்து பார்த்து, அவை முட்டை அல்ல, பண்டைக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் நத்தை போன்ற பிராணிகளைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்று சொன்னார்கள். மரம் போல் தோன்றியது மெய்யாகவே மரம்; முட்டை போல் தோன்றியது முட்டை அன்று. வெளித் தோற்றத்தை நம்பாமல், பொருளின் உடம்பில் உள்ள அடையாளங்களைப் படிக்க வேண்டும் என்ற இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக் கொண்டு, நாம் காணப் புறப்பட்ட முக்கியமான இடத்துக்குச் சென்றோம்.

ஸ்ரீபுரந்தான்

அரியலூருக்குத் தென்கிழக்கே, கொள்ளிடத்துக்கு வடக்கே, உடையார்பாளையம் வட்டாரத்தில் இருக்கிறது ஸ்ரீபுரந்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளின் புழுதி குறைந்து, வயலின் பசுமை தென்படத் தொடங்கும் பக்கம். ஊரின் பெயரே ஒரு மாறுவேஷந்தான். பராந்தக சோழன் பெயரால் 'ஸ்ரீபராந்தகன்' என்று வழங்கியது நாளடைவில் ஸ்ரீபுரந்தான் ஆயிற்று என்று சொல்வர். பக்கத்தில் சுத்தமல்லி என்று மற்றோர் ஊர். இப்படி, பெயரைத் தட்டினால் சரித்திரம் ஒலிக்கும் கிராமங்கள் இங்கே பல.

ஸ்ரீபுரந்தானில் சோழர் காலத்துப் பிரகதீசுவரர் ஆலயம் ஒன்று உண்டு. தஞ்சையையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் நினைத்துக் கொண்டு செல்பவர்களுக்கு இது சிறியது. இதில் இருந்த நடராஜப் பெருமான் மட்டும் சிறியவர் அல்லர். நான்கடிக்கு மேற்பட்ட உயரம். சுடர் விடும் திருவாசி. சோழ நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணத்துக்கு உலகமே தலைவணங்கும் காலத்து வார்ப்பு.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "சாமியைப் பார்க்க வந்தீர்களா, ஐயா? அல்லது சாமி இருந்த இடத்தைப் பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டார். அதற்கு என்ன விடை சொல்வது?

2006-ஆம் ஆண்டில் அக்கோயிலில் கள்வர் புகுந்து நடராஜரையும் பிற செப்புத் திருமேனிகளையும் கவர்ந்து சென்றனர். அப்போது அங்கே நித்திய பூஜை நின்று போயிருந்தது. ஆள் நடமாட்டம் அருகியிருந்தது. எனவே களவு நடந்த செய்தி 2008-ஆம் ஆண்டில்தான் ஊராருக்குத் தெரிய வந்தது. "பூட்டு தொங்கிக் கொண்டிருந்தது, ஐயா. பூட்டைப் பார்த்துவிட்டுச் சாமி உள்ளே பத்திரமாய் இருக்கிறது என்று நினைத்துக் கொண்டோம்" என்றார் பெரியவர். இந்த ஒரு வாக்கியத்தில் நம் தேசத்துக் கலைச் செல்வங்களின் கதை முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றிற்று.

காகிதத்தில் பிறந்த பூர்வீகம்

ஊரார் பூட்டைப் பார்த்துக் கொண்டிருந்த அந்த இடைக் காலத்தில் ஆடவல்லான் கடல் கடந்து விட்டார். நியூயார்க் நகரத்தில் மாடிசன் அவென்யூ என்னும் செல்வர் வீதியில் 'ஆர்ட் ஆஃப் த பாஸ்ட்' என்ற பெயருடன் கலைப்பொருள் கடை நடத்தி வந்த சுபாஷ் கபூர் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ஆம் ஆண்டில் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து இத்திருமேனியை வாங்கி, கான்பெரா நகரில் காட்சிக்கு வைத்தது.

இவ்வளவு பெரிய விலை கொடுத்து வாங்குவோர், "இது களவாடிய பொருள் அன்று என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். அதற்கு விடையாக ஒரு பூர்வீகம் தயாராக இருந்தது. 1970-ஆம் ஆண்டையொட்டி, டில்லியில் இருந்த அயல்நாட்டு ராஜதந்திரி ஒருவர் இதை ஒரு கடையில் வாங்கினார். பிறகு இந்தியாவை விட்டுச் சென்றபோது உடன் எடுத்துச் சென்றார். அவர் மனைவியிடமிருந்து கடைக்கு வந்தது என்று ரசீதும் கடிதமும் காட்டப்பட்டன.

அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூழ்ச்சி உண்டு. கலைப்பொருள்களின் கள்ள வாணிபத்தைத் தடுக்க யுனெஸ்கோ சபை ஓர் உடன்படிக்கை செய்தது 1970-ஆம் ஆண்டில். இந்தியாவின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் இயற்றப்பட்டது 1972-ஆம் ஆண்டில். அவற்றை ஒட்டியோ முந்தியோ நாட்டை விட்டுப் போன பொருள் என்று காட்டிவிட்டால், அயல்நாட்டுக் கலைக்கூடத்தார் அதிகமாகத் துருவிக் கேட்க மாட்டார்கள். ஆகவே 2006-ஆம் ஆண்டில் களவு போனவருக்கு 1970-ஆம் ஆண்டிலேயே ஒரு வெளிநாட்டுப் பிரயாணத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து விட்டார்கள்!

பந்தய மோட்டாரும் பஞ்சலோகமும்

காகிதம் பொய் சொல்லும்போது மெய்யை எங்கே தேடுவது? இந்தக் கேள்வி கோயில் திருமேனிகளுக்கு மட்டும் உரியது அன்று. பழைய பந்தய மோட்டார் வண்டிகளைச் சேகரிக்கும் சீமான்களுக்கும் இதே கவலைதான். ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியார் 1969-ஆம் ஆண்டில் 917 என்ற பந்தய வண்டியைச் செய்தார்கள். 001 என்ற சட்ட எண் கொண்ட முதல் வண்டி ஜெனீவாக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில், இருபத்துநான்கு மணி நேரம் ஓடி, அந்தக் கம்பெனிக்கு முதல் முழு வெற்றியைத் தேடித் தந்தது 023 என்ற வேறொரு வண்டி. பிற்காலத்திலோ, முதல் வண்டிக்கே வெற்றி வண்டியின் சிவப்பு வெள்ளை வர்ணத்தைப் பூசி, 23 என்ற இலக்கத்தையும் எழுதிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பார்த்தவர்களில் பலர் வென்ற வண்டியையே கண்டதாக எண்ணியிருப்பார்கள். ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2019-ஆம் ஆண்டில், அந்த வேஷத்தைக் களைந்து அதன் சொந்த உருவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வர்ணத்தை மாற்றலாம், எஞ்சினை மாற்றலாம், சட்டத்தில் பொறித்த எண், பற்றவைத்த தழும்பு, அந்நாளில் எடுத்த போட்டோ ஆகிய மூன்றும் சேர்ந்தால் வண்டியின் மெய்யான பெயர் வெளிப்பட்டு விடும்.

நம் திருமேனிகளுக்குச் சட்ட எண் கிடையாது. ஆனால் அதைக் காட்டிலும் உறுதியான அடையாளம் உண்டு. சிற்பி முதலில் மெழுகில் உருவம் சமைக்கிறான். அதன்மேல் மண் பூசிக் காய வைக்கிறான். சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறான். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் மூர்த்தி வெளிவருவார். அச்சு உடைந்து போகிறது. மெழுகு உருகிப் போகிறது. ஆகையால் அதே சிற்பி அதே கையால் மறுபடி செய்தாலும் மற்றொன்று அச்சாக அப்படியே அமையாது. திருவாசியின் சுடர் ஒன்று சற்றே சாய்ந்திருக்கும். பீடத்தின் இதழ் ஒன்று மழுங்கியிருக்கும். வார்ப்பில் ஒரு சிறு குழி விழுந்திருக்கும். தாய் தன் இரட்டைக் குழந்தைகளை மச்சத்தால் அறிவது போல, இக்குறைகளாலேயே திருமேனியை அறியலாம். குறைகளே சாட்சி!

பாண்டிச்சேரியில் இருந்த படம்

சாட்சி சொல்லக் குறைகள் இருந்தால் போதாது. களவுக்கு முன் அவற்றை யாரேனும் பதிந்து வைத்திருக்கவும் வேண்டும். இங்கேதான் ஸ்ரீபுரந்தானுக்கு ஒரு பாக்கியம் வாய்த்தது. பாண்டிச்சேரியில் 1955-ஆம் ஆண்டு தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார், தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படம் பிடித்து வைத்திருந்தார்கள். 1994-ஆம் ஆண்டில் அவர்கள் ஸ்ரீபுரந்தானிலும் படம் எடுத்திருந்தார்கள். அதை எடுத்தவர்களுக்குக் கள்வர் நினைவோ வழக்கு நினைவோ இருந்திராது. கலையையும் சரித்திரத்தையும் பதிவு செய்வதே அவர்கள் நோக்கம்.

தமிழ்நாட்டுச் சிலைத் தடுப்புப் போலீஸாரும், எஸ். விஜய்குமார் போன்ற ஆர்வலர்களும், அயல்நாட்டுப் பத்திரிகையாளர்களும் கான்பெராவில் இருந்த திருமேனியின் படத்தையும் பாண்டிச்சேரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒருவரே! 1970-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவை விட்டுப் போனதாகக் காகிதம் கூறும் பெருமான், 1994-ஆம் ஆண்டில் ஸ்ரீபுரந்தானில் நின்று ஆடிக் கொண்டிருந்தார் என்று படம் கூறிற்று. அதற்குப் பிறகு வாதம் ஏது?

சுபாஷ் கபூர் 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கைதாகி, மறு ஆண்டில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய கடை நிர்வாகி 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டார். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டில்லிக்கு வந்து, நம் பிரதமரிடம் நடராஜரை ஒப்படைத்தார். அதே கடையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்றிருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் உடன் திரும்பினார். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம், உடையார்பாளையம் வட்டாரத்துக் கோயில் களவு வழக்கில் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

ஸ்ரீபுரந்தான் பிள்ளையாரும் சும்மா இருக்கவில்லை; தந்தை ஆஸ்திரேலியாவுக்குச் சென்றால் மைந்தர் அமெரிக்காவுக்குச் சென்றார். ஒஹையோ மாகாணத்து டொலிடோ கலைக்கூடம் 2006-ஆம் ஆண்டில் அவரை வாங்கியிருந்தது. பாண்டிச்சேரிப் படமே அவரையும் காட்டிக் கொடுத்து மீட்டது. அரியலூர்ப் பக்கத்துச் சிவன் கோயில் உமா பரமேசுவரியை 2007-ஆம் ஆண்டில் 6 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கிய சிங்கப்பூர் ஆசிய நாகரிகக் காட்சிசாலை, 2015-ஆம் ஆண்டில் அம்பிகையைத் திருப்பி அனுப்ப முன்வந்தது. ஒரு வட்டாரத்துத் தெய்வங்கள் மூன்று கண்டங்களில் குடியேறியிருந்ததை எண்ணினால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

சிவபுரமும் பத்தூரும்

இத்தகைய வழக்குகள் சோழ நாட்டுக்குப் புதியவை அல்ல. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்து நடராஜர் 1950-களில் பழுது பார்க்க அனுப்பப்பட்டார். திரும்பி வந்தது புதிதாய் வார்த்த போலி. ஊரார் அதையே உண்மை என்று நம்பி வணங்கி வந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்ற அறிஞர்தான் கோயிலில் இருப்பது போலி என்று 1960-களில் எழுதினார். உண்மையானவர் 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் நிறுவனத்தாரிடம் சேர்ந்து, நெடிய வழக்குக்குப் பின் 1986-ஆம் ஆண்டில் தாயகம் மீண்டார்.

பத்தூர் நடராஜருக்கோ பழைய படமே கிடையாது. 1976-ஆம் ஆண்டில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்து, ரகசியமாக லண்டன் வரை சென்றவர் அவர். அவருடன் புதைந்திருந்த பிற திருமேனிகளில் ஒட்டிய மண்ணையும் கறையான் புற்றின் தடத்தையும் நிபுணர்கள் ஒப்பிட்டு, இவர் பத்தூராரே என்று நிலைநாட்டினார்கள். இங்கிலாந்து அப்பீல் நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் பத்தூர்க் கோயிலின் உரிமையை ஒப்புக் கொண்டது. இடிந்து கிடந்த கோயில் லண்டனில் வழக்காடி வென்றது! ஆனால் அதற்கு எத்தனை ஆண்டுகள், எத்தனை நிபுணர்கள், எவ்வளவு பொருட்செலவு! ஸ்ரீபுரந்தானில் ஒரே படம் அந்த வேலையைச் செய்து முடித்தது.

படம் இல்லாத ஊர்கள்

டில்லியிலிருந்து தமிழ்நாடு திரும்பிய ஸ்ரீபுரந்தான் நடராஜர், பாதுகாப்பின் பொருட்டுக் கும்பகோணம் சிலைக் காப்பகத்தில் வைக்கப்பட்டார். இதைப் பற்றிப் பெரியவர் சொன்னது நியாயமாகவே பட்டது. "ஆஸ்திரேலியாவிலிருந்து கும்பகோணம் வரைக்கும் வந்துவிட்டார், ஐயா. கும்பகோணத்திலிருந்து எங்கள் ஊர்தான் தூரமாய்ப் போய்விட்டது!" என்றார் அவர். பூஜையும் காவலும் இல்லாத ஆலயத்தில் மறுபடி கொண்டு வைப்பது கள்வரை விருந்துக்கு அழைப்பதாகும். ஊரை விட்டுப் பிரித்து இரும்புக் கதவுக்குள் வைத்தால், விழாவில் உலா வருவதற்கென்றே பிறந்த மூர்த்தி சரக்காகி விடுகிறார். இரண்டும் துன்பந்தான். திருமேனி ஊரில் நிலைபெற வேண்டுமானால் ஊர் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். விளக்கேற்ற ஓர் ஆளும், வாரம் ஒரு முறையேனும் கதவு திறந்து பார்க்கும் பழக்கமும் இருந்திருந்தால், களவு இரண்டு ஆண்டுகள் மறைந்திருக்க முடியாது.

நம்மை மிகவும் வருத்திய எண்ணம் மற்றொன்று. ஸ்ரீபுரந்தானுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு படம் இருந்தது. படமே எடுக்கப்படாத ஊர்கள் எத்தனை? அவற்றின் தெய்வங்கள் இன்று எந்தச் சீமையில், எந்தச் செல்வர் மாளிகையில், எந்தப் பொய்ப் பெயரோடு நிற்கின்றனவோ? "இது எங்களுடையது" என்று ஊரார் கதறினாலும், "ஆதாரம் எங்கே?" என்ற ஒரு கேள்வியில் உலகம் வாயை அடைத்து விடும். பக்தி ஆதாரம் ஆகாது. பாட்டி சொன்ன கதையும் ஆகாது.

ஆகையால், வாசகர்களுக்கு, முக்கியமாக நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும், ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஊரிலும் கோயில் திருமேனிகளுக்கு ஒரு ஜாதகக் குறிப்பு எழுத வேண்டும். ஆலய அதிகாரிகளின் அனுமதியோடு, முன்புறம், பின்புறம், பக்கவாட்டு, பீடம் எனத் தனித்தனியே படம் எடுக்க வேண்டும். உயரம், அகலம், எடை, பீடத்தில் எழுத்திருந்தால் அந்த எழுத்து, உடைந்த விரல், வளைந்த சுடர், பழைய ஒட்டு ஆகிய எல்லாவற்றையும் தேதியிட்டுக் குறிக்க வேண்டும். அழகான படத்தைக் காட்டிலும் குறைகளைக் காட்டும் படமே மேலானது. ஒரு பிரதி கோயிலிலும், ஒரு பிரதி அரசாங்க அலுவலகத்திலும், ஒரு பிரதி வேறோர் ஊரிலும் இருக்கட்டும். கைப்பேசி இல்லாத வீடு இல்லை என்று சொல்லும் இக்காலத்தில், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நூறு படம் எடுக்கும் நாம், ஆயிரம் ஆண்டு வாழ்ந்த மூர்த்திக்கு நான்கு படம் எடுக்கலாகாதா?

பிரெஞ்சு தேசத்தார் நமக்காக ஒரு முறை படம் எடுத்து வைத்தார்கள். அதற்கு நன்றி செலுத்துவோம். ஆனால் சொந்த வீட்டுப் பொருளுக்கு அடுத்த வீட்டார் கணக்கு வைத்திருப்பது நமக்குப் பெருமை தருவதன்று. நம் தெய்வங்களின் ஊரையும் பேரையும் நாமே எழுதி வைப்போம். அப்பொழுது எந்தச் சீமையில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "அம்பலவாணருக்கு ஊர் எது?" என்ற கேள்விக்கு விடை நம் கையில் இருக்கும்.